எச்பிவி தொற்று முதல் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரை: இடையில் கிடைக்கும் ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும்?

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் முளைப்பதில்லை. அதற்குக் காரணமான எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) உடலுக்குள் நுழைந்த பிறகு, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணுக்குப் புற்றுநோய் உருவாகப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. ஆனாலும் 2022இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தார்கள். தடுப்பூசியும் பரிசோதனையும் எட்டாமல் போனது ஒரு காரணம். பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் விட்டது இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால், இந்த வழிகாட்டியில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் வைரஸைப் புரிந்துகொள்ளுங்கள்

எச்பிவி என்பது 200க்கும் மேற்பட்ட வைரஸ் வகைகளைக் கொண்ட குடும்பம். பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை. சில வகைகள் கை, கால்களில் மரு வரவைக்கும். பிறப்புறுப்புப் பகுதியில் தொற்றுபவற்றில் சுமார் 14 வகைகளைத்தான் ‘அதிக ஆபத்துள்ளவை’ என்கிறார்கள். அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இவ்விரண்டே காரணம். 6, 11 ஆகிய வகைகள் பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்கும், புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை. ஆகவே மரு இருப்பவருக்குப் புற்றுநோய் நிச்சயம் என்பதும் தவறு, மரு இல்லாதவருக்கு ஆபத்தில்லை என்பதும் தவறு.

பரவுவது தோலோடு தோல், சளிச்சவ்வோடு சளிச்சவ்வு படுவதால். முழுமையான உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத இடங்கள் வழியாக வைரஸ் தொற்றலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு தராது. பாலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று ஏற்பட்டுவிடுகிறது. ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டு வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

தொற்றியவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடலே வைரஸை அடக்கிவிடும். எஞ்சிய சிலரிடம் அது தங்கிவிடுகிறது. கருப்பைவாயில் இரண்டு விதமான செல் அடுக்குகள் சந்திக்கும் வளையம் ஒன்று உண்டு. ‘உருமாற்றப் பகுதி’ என்று பெயர். அங்குள்ள செல்கள் எப்போதும் மாறிக்கொண்டே இருப்பதால் வைரஸ் எளிதாக வேரூன்றுகிறது. செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்பி என்னும் இரண்டு காவல் புரதங்களை வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள் முடக்கிவிடுகின்றன. பிரேக் போன செல்கள் பெருகத் தொடங்குகின்றன. புற்றுநோய்க்கு முந்தைய இந்த முன்நிலை மாற்றங்களைத்தான் அறிக்கைகளில் சிஐஎன் 1, 2, 3 என்று குறிப்பிடுவார்கள், எண் கூடக் கூட மாற்றம் தீவிரம். சிஐஎன் 3ஐச் சிகிச்சை இன்றி விட்டால் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குப் புற்றுநோயாக மாறுகிறது.

இந்தப் பயணத்தை வேகப்படுத்துபவை சில உண்டு. எச்ஐவி தொற்றுள்ள பெண்களுக்கு ஆபத்து சுமார் 6 மடங்கு. அவர்களுக்கு 15 ஆண்டு அவகாசம் 5 முதல் 10 ஆண்டாகச் சுருங்கலாம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். புகைபிடித்தல் இன்னொன்று.

படி 1: தடுப்பூசி

தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மரபணுவும் இல்லை. அதன் மேலோட்டைப் போன்ற வெற்றுப் புரத உருண்டைதான் இருக்கிறது. எனவே தடுப்பூசியால் எச்பிவி தொற்று வர வழியே இல்லை. 16, 18 ஆகிய இரண்டை மட்டும் தடுப்பவை, அவற்றோடு 6, 11ஐயும் சேர்த்து நான்கு வகைகளைத் தடுப்பவை, மேலும் ஐந்து வகைகளைச் சேர்த்து ஒன்பதைத் தடுப்பவை என மூன்று பிரிவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்பது வகைத் தடுப்பூசி, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணமான வகைகளைத் தடுக்கிறது. எது கிடைக்கிறதோ அதை உரிய வயதில் போடுவது, ‘ஒன்பது வகை வரட்டும்’ என்று காத்திருந்து வயதைத் தாண்டவிடுவதை விட மேல்.

உரிய வயது 9 முதல் 14. வைரஸை உடல் சந்திக்கும் முன்பே எதிர்ப்பு தயாராக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். சிறு வயதில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களின் (ஆன்டிபாடி) அளவு அதிகம் என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் சுமார் 87 சதவீதம் குறைந்தது. 16 முதல் 18 வயதில் சேர்க்கப்பட்டவர்களிடையே சுமார் 34 சதவீதம்தான். வயது தள்ளிப்போனால் என்ன இழக்கிறோம் என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

எத்தனை டோஸ்? 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை: 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ், 21 வயதுக்கு மேல் 6 மாத இடைவெளியில் இரண்டு, எச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எந்த வயதிலும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. சில நாடுகள் இன்னும் பழைய அட்டவணையைப் பின்பற்றுகின்றன: 15 வயதுக்குள் 6 முதல் 12 மாத இடைவெளியில் இரண்டு, 15க்கு மேல் 0, 1 அல்லது 2, 6ஆம் மாதங்களில் மூன்று. உங்கள் நாட்டின் அட்டவணை எதுவோ அதன்படி போங்கள். இரண்டாம் டோஸுக்கான தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட டோஸை இப்போது போட்டுக்கொண்டால் போதும்.

தோள்பட்டைத் தசையில் 0.5 மில்லி ஊசி. போட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வளரிளம் வயதினர் ஊசி பயத்தில் மயங்கி விழுவது சகஜம். விழுந்து தலையில் அடிபடுவதுதான் இங்கே உண்மையான அபாயம். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி ஓரிரு நாளில் போய்விடும். முந்தைய டோஸில் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அடுத்தது கூடாது. சில தயாரிப்புகளில் ஈஸ்ட் பயன்படுத்தப்படுவதால், அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுவார்கள். தெரியாமல் போட்டுவிட்டால் கருவைக் கலைக்க எந்தக் காரணமும் இல்லை, மீதி டோஸைப் பிரசவத்துக்குப் பின் போட்டால் சரி. தாய்ப்பால் கொடுப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். மலட்டுத்தன்மை வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

திருமணமானவர்கள் போடலாமா? போடலாம், பலன் குறைவாக இருக்கும். ஏற்கெனவே தொற்றிய வகையைத் தடுப்பூசி விரட்டாது. இன்னும் தொற்றாத வகைகளைத் தடுக்கும். தடுப்பூசிக்கு முன் எச்பிவி பரிசோதனை செய்யத் தேவையில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் போடுவது நல்லது. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கு இதே வைரஸ்தான் காரணம்.

தடுப்பூசி போட்டாயிற்று, இனிப் பரிசோதனை வேண்டாம் என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. எந்தத் தடுப்பூசியும் எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை.

படி 2: அறிகுறி இல்லாதபோதே பரிசோதனை

‘எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்குப் பரிசோதனை?’ என்ற கேள்விக்குப் பதில் எளிது: ஒன்றும் இல்லாதபோது செய்வதற்காகவே இந்தப் பரிசோதனை இருக்கிறது. சிஐஎன் நிலையில் வலி இருக்காது, இரத்தப்போக்கு இருக்காது, வெள்ளைப்படுதல்கூட மாறாது.

மூன்று முறைகள் உள்ளன. எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. பாப் ஸ்மியர், செல்கள் மாறியிருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறது. மூன்றாவது, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் திட்டுகளை வெறும் கண்ணால் பார்ப்பது. வாய்ப்பு இருந்தால் டிஎன்ஏ பரிசோதனையையே தேர்ந்தெடுங்கள். பாப் ஸ்மியரில் மாதிரி எடுப்பவர், படிப்பவர் இருவரின் திறமையையும் பொறுத்து முடிவு மாறும். அசிட்டிக் அமில முறையில் பார்ப்பவரின் கண்ணே அளவுகோல். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உருமாற்றப் பகுதி உள்ளே போய்விடுவதால் அந்த முறை அவ்வளவாக உதவாது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 30 வயதில் தொடங்கி, டிஎன்ஏ பரிசோதனை என்றால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற இரண்டு முறைகள் என்றால் 3 ஆண்டுக்கு ஒரு முறை. எச்ஐவி தொற்றுள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். டிஎன்ஏ பரிசோதனையின் இடைவெளி அவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டு. சில நாடுகளில் 21 அல்லது 25 வயதிலேயே பாப் ஸ்மியர் தொடங்குவதும் உண்டு. இருபதுகளின் தொடக்கத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்வதை ஊக்குவிக்காததற்குக் காரணம் இருக்கிறது: அந்த வயதில் தானாக மறையும் தொற்றுகளே அதிகம். தேவையற்ற பயமும் தேவையற்ற சிகிச்சையும்தான் மிஞ்சும்.

பாப் ஸ்மியருக்குத் தயாராவது இப்படி: மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள், தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20 நாட்களுக்குள் போவது வசதி. முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, பிறப்புறுப்பினுள் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எல்லாம் வேண்டாம். இவை செல்களை அடித்துச் சென்றுவிடும் அல்லது மறைத்துவிடும். ‘மாதிரி போதாது’ என்ற அறிக்கை வருவதற்கு இவையும் காரணம். பரிசோதனைக்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்னும் கருவியைச் செலுத்தும்போது இடுப்பை இறுக்காமல் மெதுவாக மூச்சு விட்டால் வலி குறையும். வலித்தால் சொல்லுங்கள், சிறிய அளவுக் கருவி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூச்சத்தால் தள்ளிப்போடுபவர்களுக்கு டிஎன்ஏ பரிசோதனையில் ஒரு நல்ல வழி இருக்கிறது: மாதிரியை நீங்களே எடுக்கலாம்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். உறையைப் பிரித்தபின் குச்சியின் பஞ்சு அல்லது தூரிகை முனை எதிலும் படக் கூடாது.
2. குந்தியோ, ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்தோ, படுத்தோ வசதியாக இருங்கள்.
3. குச்சியை யோனிக்குள் மெதுவாகச் சுமார் 5 செ.மீ. அளவுக்கு, அல்லது அதில் போட்டிருக்கும் குறி வரை செலுத்துங்கள். கருப்பைவாயைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.
4. சுவரில் படும்படி சுழற்றுங்கள். எத்தனை முறை, எத்தனை விநாடி என்பது கருவிக்குக் கருவி மாறும். உறையில் உள்ள குறிப்பை அப்படியே பின்பற்றுங்கள்.
5. வெளியே எடுத்ததும் குழாயில் போட்டு மூடி, பெயரும் தேதியும் எழுதுங்கள். பெயர் எழுதாத குழாய்தான் ஆய்வகங்களுக்குப் பெரிய தலைவலி.

சரியாக எடுத்த இந்த மாதிரி, மருத்துவர் எடுப்பதற்கு ஏறக்குறைய நிகரானது. ஆனால் இதிலிருந்து பாப் ஸ்மியர் பார்க்க முடியாது. பாசிட்டிவ் வந்தால் நேரில் போயே ஆக வேண்டும்.

படி 3: அறிக்கையைப் படிப்பது

‘எச்பிவி நெகட்டிவ்’ என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் இடிந்துபோகிறார்கள். பாசிட்டிவ் என்பது வைரஸ் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே. புற்றுநோய் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. துணை துரோகம் செய்துவிட்டார் என்றும் பொருள் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் தொற்றி அடங்கிக் கிடந்த வைரஸ் இன்று வெளிப்படலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆண்களுக்கு எச்பிவி கண்டறிய அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனையும் கிடையாது. எனவே கணவரை ஆய்வகத்துக்கு இழுத்துச் செல்வதால் பயன் ஏதும் இல்லை.

16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால் பொதுவாக நேரே கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயைப் பார்க்கும் பரிசோதனை. மற்ற ஆபத்தான வகைகள் என்றால், பல இடங்களில் முதலில் பாப் ஸ்மியரோ அசிட்டிக் அமிலப் பரிசோதனையோ செய்து, அதிலும் கோளாறு தெரிந்தால் மட்டும் அடுத்த கட்டம். கோளாறு இல்லையென்றால் 12 அல்லது 24 மாதம் கழித்து மறு பரிசோதனை. இந்த மறு பரிசோதனையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். வைரஸ் போய்விட்டதா, தங்கிவிட்டதா என்று சொல்லக்கூடியது அது ஒன்றே. அறிக்கை கைக்கு வந்த அன்றே அந்தத் தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள்.

பாப் ஸ்மியர் அறிக்கையில் ‘அழற்சி’ என்று மட்டும் இருந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை அல்ல. ‘ஏஎஸ்சி-யூஎஸ்’ என்றால் செல்கள் சற்றே வேறு மாதிரி, உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எச்பிவி பரிசோதனை செய்து பார்ப்பார்கள். ‘எல்எஸ்ஐஎல்’ லேசான மாற்றம். ‘எச்எஸ்ஐஎல்’ தீவிர மாற்றம், தாமதிக்காமல் கால்போஸ்கோபி. ‘ஏஜிசி’ என்று வந்தால் கூடுதல் கவனம் தேவை: அது கருப்பைவாய்க் குழாயின் உள்ளே உள்ள சுரப்பிச் செல்களைப் பற்றியது, எச்பிவி நெகட்டிவ் என்பதைக் காட்டி அதை ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த இடத்தில் ஆன்டிபயாடிக், மூலிகைக் கழுவல், ‘வைரஸைக் கொல்லும்’ மாத்திரை என்று பலவும் விற்கப்படும். எச்பிவி தொற்றை நீக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று வரை இல்லை. உள்ளே கழுவுவது யோனியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் குலைக்கும், அவ்வளவுதான். புகையை நிறுத்துவது உண்மையிலேயே உதவும்.

படி 4: கால்போஸ்கோபியும் சிகிச்சையும்

கால்போஸ்கோபி என்பது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயை வெளியிலிருந்தே பார்ப்பது. 10 முதல் 20 நிமிட வேலை. அசிட்டிக் அமிலமும் சில சமயம் அயோடினும் தடவுவார்கள், சற்று எரியும். சந்தேகமான இடத்தில் மிகச் சிறிய துண்டு கிள்ளி பயாப்சிக்கு (ஆய்வகத் திசுச் சோதனைக்கு) அனுப்புவார்கள். மாதவிடாய் வலி போல ஒரு சுளீர். இரத்தம் நிற்கப் பூசும் மருந்தால் சில நாட்கள் காப்பித்தூள் நிறத்தில் கசிவு வரும், பயப்பட வேண்டாம்.

சிஐஎன் 1 பெரும்பாலும் தானே மறையும். கவனித்துக்கொண்டு காத்திருப்பதே சரியான சிகிச்சை. சிஐஎன் 2 சிகிச்சைக்குரியது. இனிமேல் குழந்தை பெற விரும்பும் இளம் பெண்ணுக்கு நெருக்கமான கண்காணிப்பில் பொறுத்துப் பார்ப்பதும் உண்டு. சிஐஎன் 3 என்றால் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை இரண்டு வகை. பாதித்த திசுவை அங்கேயே அழிப்பது ஒன்று: வெப்பத்தாலோ கடுங்குளிராலோ செய்வார்கள். மாற்றம் உள்ள இடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கருப்பைவாய்க் குழாய்க்குள் நீளக் கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் பார்க்காமல் அழித்துவிட்டால், உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோய் மேலும் சில ஆண்டுகள் மறைந்தே வளரும். இரண்டாவது, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுக்கும் லீப் முறை. எடுத்த திசுவை ஆய்வகத்தில் பார்க்க முடிவதும், ஓரங்களில் மாற்றம் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும் இதன் பலம். ஆழமாக எடுத்தால் பின்னாளில் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும். குழந்தைத் திட்டம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பின் நீர்போன்ற கசிவு சில வாரம் இருக்கும். சுமார் 4 வாரம் உடலுறவும் உள்ளே வைக்கும் பொருட்களும் வேண்டாம். மாதவிடாயை விட அதிகமான இரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கடும் அடிவயிற்று வலி வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கருப்பையையே எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். எச்பிவி பாசிட்டிவுக்கோ சிஐஎன் 1க்கோ அது சிகிச்சை அல்ல. வேறு காரணத்துக்காகக் கருப்பை அகற்றுவதானாலும் அதற்கு முன் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்யப்பட்டிருக்க வேண்டும். தெரியாமல் இருந்த புற்றுநோயோடு சாதாரண அறுவை செய்துவிட்டால், அடுத்த சிகிச்சை மிகவும் சிக்கலாகிவிடும்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உடலுறவுக்குப் பின் இரத்தம், இரு மாதவிடாய்க்கு நடுவே இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம், நாற்றமும் நிறமும் மாறிய வெள்ளைப்படுதல், விடாத இடுப்பு வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்பெகுலம் வைத்துக் கருப்பைவாயை நேரில் பார்க்கும் பரிசோதனை தேவை. கடந்த ஆண்டு பாப் ஸ்மியர் நெகட்டிவ் என்றாலும் விதிவிலக்கு இல்லை. பார்க்காமலேயே மாத்திரை எழுதித் தந்தால், ‘உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவதும் சிறுநீர் குறைவதும் நோய் முற்றியதைக் காட்டக்கூடும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, அதைத் தாண்டியதற்குக் கதிர்வீச்சோடு கீமோதெரபி என்பது பொதுவான வழி. சிறிய கட்டியாக இருந்தால், கருப்பையை விட்டுவைத்துக் கருப்பைவாயை மட்டும் அகற்றும் அறுவையும் தேர்ந்தெடுத்த சிலருக்கு உண்டு.

படி 5: சிகிச்சைக்குப் பிறகு

முன்நிலைக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 12 மாதத்தில் மறுபடி எச்பிவி பரிசோதனை செய்ய வேண்டும். சில நாடுகளில் 6 மாதத்திலேயே செய்வார்கள். அது நெகட்டிவ் என்றாலும் சிஐஎன் 2, 3 இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களை விடப் பல ஆண்டுகளுக்கு அதிகமாகவே இருக்கும். குறைந்தது 25 ஆண்டுகள் கண்காணிப்பு வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டுதல்கள் உள்ளன. சிஐஎன் காரணமாகக் கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். யோனியின் மேல்பகுதியில் மாதிரி எடுப்பார்கள். வேறு காரணத்துக்காக, கருப்பைவாயோடு சேர்த்துக் கருப்பையை எடுத்தவர்கள், முன்பு கோளாறு ஏதும் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். கருப்பைவாயை விட்டுவைத்தார்களா என்று தெரியாதவர்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

ஊர் மாறும்போதும் மருத்துவர் மாறும்போதும் பயாப்சி அறிக்கை, லீப் திசு அறிக்கை, எச்பிவி வகை எண் ஆகிய மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். ‘நார்மல்னு சொன்னாங்க’ என்ற வாய்வார்த்தையை வைத்து அடுத்த மருத்துவரால் அடுத்த பரிசோதனைத் தேதியை முடிவு செய்ய முடியாது.